வாயில் மிஞ்சிய சொல்

லிஃப்ட் வருவதற்குள் லோகேஸ்வரிக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். சக்கர நாற்காலியின் கைப்பிடி வழுக்கும். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடிப்பாள். ஏழாவது மாடியிலிருந்து தரை வரைக்கும் அவளும் நாற்காலியில் இருக்கும் புருஷன் திருச்செல்வமும் மட்டும் என்றால் பரவாயில்லை. நடுவில் எங்காவது கதவு திறந்து ஆள் ஏறினால் அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்தால் பேச ஆசைப்படுவார். வாயைத் திறந்தால் வருவது ஒரே ஒரு சொல்.

பக்கவாதம் வந்ததில் திருச்செல்வத்துக்கு வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு முழுதாகப் போயிற்று. பெண்டாட்டி பேர், மகள் பேர், முருகன் பேர், தண்ணீர், சோறு, வேண்டும், வேண்டாம் எல்லாம் போய்விட்டன. துடைத்த பாத்திரத்தில் ஒட்டிக்கொண்ட பருக்கை போல ஒன்று மட்டும் மிஞ்சியது. பாபி. மலாயில் பன்றி.

தமிழில் அந்த மிருகத்தின் பேருக்குப் பெரிய கனம் கிடையாது. சேற்றில் விளையாடிவிட்டு வரும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது எந்தத் தாயும் சொல்லுவாள். லோகேஸ்வரியே மகள் மலர்விழியைச் சொல்லியிருக்கிறாள், சொல்லிவிட்டு முத்தமும் கொடுத்திருக்கிறாள். அதையே மலாயில், முஸ்லிமான ஒரு மலாய்க்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. அது கையை ஓங்குவதற்குச் சமம். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மார்க்கெட்டில் அந்த இறைச்சி விற்கும் மூலைக்கு வழி கேட்பவர்கள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்.

போன வருஷம் அடுத்த புளோக்கில் இரண்டு வீட்டுக்காரர்கள் துணி காயப்போடும் கம்பிக்காகச் சண்டை போட்டார்கள். ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்தது. யாரோ போனில் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் கிள்ளான் முழுக்கப் பார்த்துவிட்டது. போலீஸ் வந்தது. சொன்னவர் வீட்டின் இரும்புக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றியிருந்தது. அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது சாமானை லோரியில் ஏற்றிவிட ஒரு ஆள் வரவில்லை. லோகேஸ்வரி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் வீட்டுப் பெண் மடியில் சாமிப் படத்தை வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண்ணின் முகம் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

சொல் முதலில் வெளியே வந்தது ஆஸ்பத்திரியில். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் நூருல், தலையில் வெளிர் நீலத் துடோங் முக்காடு, வயது மலர்விழியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பூனைப் படம் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "இது என்ன, பாக்சிக்?" என்றாள், பெரியவரே என்று மலாயில் கூப்பிட்டு.

திருச்செல்வம் படத்தைப் பார்த்தார். நூருலைப் பார்த்தார். உதடு கூடிற்று. தெளிவாக, கணீரென்று சொன்னார்.

லோகேஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். நூருல் அவளை மலாய் முறையில் அக்கா என்று கூப்பிட்டு, அடுத்த படத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "உட்காருங்க காக். எனக்கு இது புதுசு இல்ல. நாம யோசிச்சுப் பேசற பேச்சு மூளையில ஒரு பக்கம். கோவத்துல தானா வர்றது இன்னொரு பக்கம். அந்தப் பக்கம் இவருக்கு அடிபடல. போன மாசம் ஒரு இமாம் வந்தார். அவர் வாயில என்ன மிஞ்சியிருந்ததுன்னு நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

சிரித்தாள். லோகேஸ்வரியால் சிரிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். லிஃப்டில் யாருக்குத் தெரியும்?

கிளம்பும்போது நூருல் வழக்கமான எச்சரிக்கையைத் திரும்பச் சொன்னாள். விழுங்கும் தசை பலவீனம். தண்ணீரைக்கூடப் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். கடலை, பிஸ்கட், மிட்டாய், கட்டியாக எதுவும் கூடாது. தொண்டையில் போனால் ஆள் போய்விடும்.

லோகேஸ்வரி தலையாட்டினாள்.

சொற்களுக்குப் பயப்படுவது அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்தது. காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பலகைச் சுவர் வைத்த லயத்து வீடு. அப்பா பால் மரத்தில் வேலை முடிந்து சம்சு குடித்துவிட்டு வருவார். அடிக்கு முன்னால் எப்போதும் சொல் வரும். அம்மாவைப் பெற்றவளில் தொடங்கி, அம்மாவின் உடம்பில் ஒவ்வொரு இடமாக இறங்கி வரும். எந்தச் சொல்லுக்கு அடுத்து கை வரும் என்று லோகேஸ்வரிக்குத் தெரியும். அது வருவதற்கு முன்னால் தம்பியை இழுத்துக்கொண்டு விறகு அடுக்கியிருந்த மூலைக்குப் போய்விடுவாள். அடியைவிட அந்தச் சொல்லுக்குத்தான் காதைப் பொத்திக்கொள்வாள். பக்கத்து வீடுகளில் எல்லாருக்கும் கேட்கும். காலையில் தண்ணிக் குழாயடியில் யாரும் ஒன்றும் கேட்காத மாதிரி இருப்பார்கள்.

பெரிய பெண்ணானதும் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒரு அத்தை முறைக்காரி வரன் கொண்டுவந்தாள். "பையன் துறைமுகத்துல லோரி ஓட்டறான். வீடு வாசல் கிடையாது. ஆனா வாய் சுத்தம்டி." மற்ற எதையும் லோகேஸ்வரி கேட்கவில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவருடைய ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போடும்போது முதுகில் கருக்கிவிட்டாள். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். எந்தச் சொல் வரும் என்று காத்திருந்தாள். அவர் ஓட்டை வழியாக விரலை விட்டுப் பார்த்தார். "சரி விடு. காத்து வரும்" என்றார். அவள் அழுததைப் பார்த்து, சட்டைக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நாளைக்கே வேறு வாங்கலாம் என்றார்.

அதற்குப் பிறகு மலர்விழி பிறந்தாள், படித்தாள், கல்யாணமாகி சுங்கை வே ஊருக்குப் போனாள். பேரப் பிள்ளையும் வந்தாயிற்று. இத்தனை காலத்தில் அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்ததில்லை. வேலை முடிந்து வரும்போது அவர் மேல் டீசல் வாடை அடிக்கும், வாயில் புதினா மிட்டாய் மணக்கும். சிகரெட் வாடையை மறைக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பாலன் வந்தபோதுதான் அது வேறு என்று தெரிந்தது.

பாலன் அவரோடு லோரியில் ஓடியவன், பிறகு அதே துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொண்டவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பப்பாளிப் பழத்தோடு வந்தான். நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "அண்ணே, என்னைத் தெரியுதா?" என்றான்.

திருச்செல்வத்தின் முகம் விரிந்தது. "பாபி!"

"யா, போஸ்" என்றான் பாலன் உடனே, முதலாளிக்குச் சொல்வது போல. சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "அப்பாடா. எனக்கு அண்ணன் திரும்பக் கிடைச்சிட்டாரு."

லோகேஸ்வரி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "மெதுவா பேசு பாலா. வெளிய கேட்கும்."

"இதுக்குப் போயி என்ன அண்ணி."

"இவருக்கு இது எங்கேர்ந்து வந்துச்சு? முப்பது வருஷமா இந்த வீட்டுல ஒரு சொல்லு வந்ததில்ல."

பாலன் அவரைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க லா அண்ணி. துறைமுகத்துல அண்ணன் வாய் பேர் போனது. ஹொக்கியன் சீனத்துல ஆரம்பிச்சாருன்னா மலாய்ல போயி முடிப்பாரு. கிரேன்காரன் மேலேர்ந்து ஹார்ன் அடிப்பான், போதும்னு."

"தமிழ்ல?"

"தமிழ்ல மட்டும் கிடையாது. அது அங்க சட்டம் மாதிரி. நம்ம ஆளை நம்ம பாஷைல திட்டினா திட்டுல அம்மா வந்துருவாங்க. அம்மா வந்தா கத்தி வந்துரும். சீனரைச் சீனத்துல திட்டக் கூடாது, மலாய்க்காரரை மலாய்ல திட்டக் கூடாது. எவனுக்கு எது தூரமோ அதுல திட்டு. கோவமும் இறங்கிரும், எவனுக்கும் வலிக்காது. நம்ம ஆளுங்களுக்கு மலாய். அவங்களுக்குத் தமிழ். ஒரு மலாய்க்காரத் தம்பி, அண்ணன் தமிழ்ல திட்டறதை அப்படியே பாடமா வச்சிருந்தான், என்னன்னே தெரியாம."

"தமிழ்ல கிடையாதுன்னியே."

"நமக்குக் கிடையாதுன்னேன்."

லோகேஸ்வரி பப்பாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வார்த்தை எனக்குன்னே வச்சிருந்தாரு அண்ணி. கயிறு சரியா கட்டலன்னா அது. சாப்பிடக் கூப்பிடறதும் அது. எனக்குப் பேரு மாதிரி ஆயிருச்சு. ஆனா வேலை முடிஞ்சதும் கேட்டாண்ட வண்டிய நிறுத்துவாரு. சட்டைப் பையிலேர்ந்து புதினா மிட்டாய் எடுத்து வாயில போட்டுக்குவாரு. 'வீட்டுக்குப் போறேன்டா, வாயைக் கழுவிக்கறேன்'பாரு. அது கரையற வரைக்கும் யார்கிட்டயும் பேச மாட்டாரு."

திருச்செல்வம் ஜன்னலைப் பார்த்தபடியே அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னார். போதும் என்று சொல்வது போல இருந்தது. பாலன் பேச்சை மாற்றினான்.

நாளடைவில் அவளுக்கு அந்தச் சொல்லின் குரல்கள் பழகின. இழுத்துச் சொன்னால் தண்ணீர். இரண்டு தடவை அடுத்தடுத்து வந்தால் கழிவறை. கடைசியில் கேள்வி போல உயர்ந்தால் அவளைக் கூப்பிடுகிறார். விடியற்காலையில் தனக்குத்தானே முணுமுணுப்பது, கால் குடைச்சல். அவள் சமையலறையிலிருந்து "வரேன்" என்பாள். ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். எந்தச் சொல்லுக்கு வரேன் என்கிறோம் என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

மலர்விழி போனில் கேட்டாள். "அப்பா இன்னும் அதேதானாம்மா?"

"அதேதான்."

"பாப்பா இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கா. கேட்டதையெல்லாம் சொல்றா. நர்சரியில பாதிப் பிள்ளைங்க மலாய்க்காரங்க." பின்னால் பாப்பாவின் குரல் கேட்டது. "கொஞ்ச நாள் கழிச்சுக் கூட்டிட்டு வரேன்."

"சரிம்மா."

இதெல்லாம் வீட்டுக்குள். வெளியில் சம்சூரி இருந்தார்.

அதே மாடியில் லிஃப்டுக்கு எதிர்வீடு சம்சூரியுடையது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். உயரமான, அதிகம் பேசாத ஆள். தொழுகை நேரத்துக்குக் கீழேயிருக்கும் சின்னத் தொழுகைக்கூடமான சூராவுக்குத் தவறாமல் போகிறவர், அங்கே கமிட்டியிலும் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருச்செல்வத்தின் மோட்டார் சைக்கிள் அவருடைய வேனை மறித்து நின்றது. பிள்ளைகளுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கீழே நின்று கத்தினார். திருச்செல்வம் இறங்கிப் போனார். பின்னாலேயே லோகேஸ்வரி ஓடினாள். சம்சூரி கத்திக்கொண்டே இருந்தார். திருச்செல்வம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதையோ மெல்லுவது போலத் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். என் புருஷன் வாய் சுத்தம் என்று அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார்கள்.

பாலன் வந்துபோன பிறகு அந்தத் தாடையை அவள் மறுபடி மறுபடி நினைத்தாள். அன்றைக்கு மென்று விழுங்கியது எது என்று இப்போது தெரியும். அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் போய் அது மட்டும் இருக்கிறது. அதற்கு உரிய ஆள் லிஃப்டுக்கு எதிரே குடியிருக்கிறார்.

நூருலிடம் சொன்னாள். "நேரா போய்ச் சொல்லிருங்க காக்" என்றாள் நூருல். "ஸ்ட்ரோக்குன்னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

ஒரு நாள் சாயங்காலம் வாழைப்பழச் சீப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் மலாயில் வாக்கியம் அமைத்துப் பார்த்தாள். என் கணவருக்கு உடம்பு சரியில்லை. அவருக்குப் பேச்சு வராது. ஒரு சொல் மட்டும் வரும். என்ன சொல் என்று கேட்பார்களே. கெட்ட சொல் என்று சொல்லலாம். கெட்ட சொல் என்றால் என்ன நினைத்துக்கொள்வார்கள்? அதைவிட மோசமாக ஏதாவது நினைத்தால்? சொல்லத்தான் வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் அந்த வீட்டு வாசலில் நின்று, சுவரில் தங்க எழுத்தில் குர்ஆன் வசனம் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு, இவள் வாயால் அதைச் சொல்ல வேண்டும். எச்சரிக்க வந்தவளே முதலில் சொன்னவளாகிவிடுவாள்.

சம்சூரியின் மனைவி ரோஹானா கதவைத் திறந்தாள். "என்ன காக்?"

லோகேஸ்வரி பழச் சீப்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தண்ணி," என்றாள். "உங்க வீட்டுல தண்ணி வருதா? எங்க வீட்டுல மெதுவா வருது."

"வருதே."

"அப்ப சரி." பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். உள்ளேயிருந்து சம்சூரி யார் என்று கேட்பதும், அந்த வீட்டம்மா என்று ரோஹானா சொல்வதும் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அன்றைக்குத்தான் மிட்டாய் ஞாபகம் வந்தது.

அலமாரியில் அவருடைய வேலைச் சட்டை இன்னும் தொங்கியது. பையில் கைவிட்டாள். காகிதம் சுற்றிய வெள்ளைப் புதினா மிட்டாய்கள், ஈரத்தில் கொஞ்சம் ஒட்டிப் போய் இருந்தன. கூடாது என்று தெரியும். நூருலின் முகம்கூடக் கண்ணில் வந்தது. ஆனால் வாயில் மிட்டாய் இருந்தால் அவர் பேச மாட்டார். அது அவரே வைத்துக்கொண்ட பழக்கம். லிஃப்டில் ஏறி இறங்கும் நேரம்தானே. இறங்கியதும் விரலை விட்டு எடுத்துவிடலாம்.

முதல் தடவை பலித்தது. மிட்டாய் நாக்கில் பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஏதோ ஒரு அமைதி வந்தது. மூன்றாவது மாடியில் இரண்டு பெண்கள் ஏறினார்கள், நலம் கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. கீழே வந்ததும் லோகேஸ்வரி சுவர்ப்பக்கம் நாற்காலியைத் திருப்பி, பாதி கரைந்த மிட்டாயை விரலால் எடுத்து டிஷ்யூவில் சுற்றிக்கொண்டாள். அடுத்த தடவையும் அப்படியே.

அதற்கடுத்த தடவை, லிஃப்ட் கதவு மூடப்போகும் நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சம்சூரி கையை நீட்டிக் கதவைத் தடுத்து உள்ளே வந்தார். வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, எண்கள் மாறுவதைப் பார்த்தபடி நின்றார். லோகேஸ்வரி நாற்காலிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

திருச்செல்வம் தலையைத் தூக்கினார். சம்சூரியைப் பார்த்தார். கண்கள் அவர் முகத்தில் போய் நின்றன. உதடு கூடிற்று.

அவள் குனிந்து, "என்னங்க, மிட்டாய்" என்று காதில் சொன்னாள்.

அவர் பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுத்தார். மூச்சோடு மிட்டாயும் போயிற்று.

சத்தம் எதுவும் வரவில்லை. அதனால் அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் பேசவில்லை என்று நிம்மதிகூட வந்தது. பிறகு இடது கை கழுத்துக்குப் போனதைப் பார்த்தாள். முகம் கறுத்துக்கொண்டே வந்தது. கண் பிதுங்கிற்று. வாய் திறந்திருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"காக், இவருக்கு என்ன?" என்றார் சம்சூரி.

அவளுக்கு மலாய் மறந்துவிட்டது. தமிழும் மறந்துவிட்டது. கையால் தொண்டையைக் காட்டினாள்.

சம்சூரி சாவியைக் கீழே போட்டார். நாற்காலியின் பெல்ட்டை அவிழ்த்து அவரை அக்குளில் பிடித்துத் தூக்கினார். முதுகில் அறைந்தார். பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக அமுக்கினார். ஒரு தடவை. மறுபடி. சம்சூரியின் தொப்பி கழன்று விழுந்தது. லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. மறுபடி அமுக்கினார். வெள்ளையாக ஒன்று தெறித்துக் கதவில் பட்டு உருண்டது.

திருச்செல்வம் அவர் கைகளில் துவண்டு தொங்கினார். தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. லோகேஸ்வரி அவர் கன்னத்தைத் தட்டினாள்.

"சொல்லுங்க" என்றாள். "என்னங்க, சொல்லுங்க. அதையாவது சொல்லுங்க."

அவள் வாழ்நாளில் எந்தச் சொல்லுக்கும் இப்படிக் காத்திருந்ததில்லை. எந்தக் குரலில் வந்தாலும் சரி. யார் காதில் விழுந்தாலும் சரி.

நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது. காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. திருச்செல்வம் கண்ணைத் திறந்து, விரல் தூரத்தில் இருந்த சம்சூரியின் முகத்தைப் பார்த்தார்.

"பாபி."

எச்சில் சம்சூரியின் கன்னத்தில் தெறித்தது. அந்த நேரத்தில் லிஃப்ட் கதவு திறந்தது.

வெளியில் ஆட்கள் நின்றார்கள். பாசார் பையோடு இரண்டு பெண்கள். சாப்பாடு கொண்டுவரும் ஒரு இளைஞன், தலையில் ஹெல்மெட், கையில் போன், நெஞ்சு உயரத்தில். எல்லாருக்கும் கேட்டிருந்தது. ஒரு பெண் மெதுவாக ஆண்டவன் பேரைச் சொன்னாள். இளைஞன் சம்சூரியை அண்ணன் முறையில் கூப்பிட்டுக் கேட்டான், "பாங், என்ன சொன்னார் இவர் உங்களை?"

சம்சூரி அவனை ஏறிட்டுப் பார்த்தார். அவருடைய கைகள் இன்னும் திருச்செல்வத்தைச் சுற்றி இருந்தன. ஆனால் இறுகியிருந்தன. எதற்கு இறுகின என்று லோகேஸ்வரிக்குத் தெரியவில்லை.

அவள் பேசினாள். மலாய் உடைந்து உடைந்து வந்தது.

"இவருக்குப் பக்கவாதம், பாங். பேச்செல்லாம் போச்சு. பாபி மட்டும்தான் இருக்கு. தண்ணி வேணும்னா பாபி. கால் வலிச்சா பாபி. என்னைக் கூப்பிடறதும் பாபிதான். வேற சொல்லு கிடையாது. டாக்டரைக் கேளுங்க. வேற ஒன்னும் கிடையாது."

அத்தனை பேர் முன்னால் அத்தனை தடவை சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் காது அடைத்தது. விறகு மூலையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அடுத்தது கைதான் வரும்.

சம்சூரி திருச்செல்வத்தை நாற்காலியில் இறக்கினார். பெல்ட்டை மாட்டினார். தோள் பக்கத்துச் சட்டையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இப்ப என்னைச் சொன்னது?" என்றார். "அதுக்கு என்ன அர்த்தம், காக்?"

தண்ணீர் இல்லை. கழிவறை இல்லை. அவளைக் கூப்பிடுவதும் இல்லை. பாலனைக் கூப்பிட்டதும் இல்லை. அந்தக் குரலை அவள் இதுவரைக்கும் கேட்டதில்லை. தாழ்ந்து, அழுத்தி, பல்லுக்கு நடுவிலிருந்து வந்த குரல். இரண்டு வருஷமாக மென்றுகொண்டிருந்ததைத் துப்பியது போலவும் இருந்தது. செத்துப் பிழைத்தவன் கையைப் பிடித்துக்கொண்டது போலவும் இருந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் சம்சூரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிமா காசே" என்றாள் லோகேஸ்வரி. "நன்றி சொன்னார், பாங்."

சம்சூரி அவளை ஒரு கணம் பார்த்தார். குனிந்து தொப்பியையும் சாவியையும் எடுத்தார். "வழி விடுங்க" என்று வெளியில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, நாற்காலியின் முன்சக்கரத்தை லிஃப்டின் வாசல் இடுக்கைத் தாண்டித் தூக்கிவைத்தார். பிறகு வேனை நோக்கி நடந்தார். இளைஞன் ஒதுங்கிக்கொண்டான். அவன் போன் இன்னும் நெஞ்சு உயரத்தில்தான் இருந்தது.

அந்த வாரம் முழுக்க லோகேஸ்வரி கதவைத் தட்டும் சத்தத்துக்குப் பயந்தாள். இரும்புக் கதவைக் காலையில் திறக்கும்போது முதலில் வெளிப்பக்கம் தடவிப் பார்ப்பாள், சாயம் ஒட்டுகிறதா என்று. மலர்விழிக்கு போன் போட்டாள்.

"ஒன்னும் வரலம்மா. நான் தேடிக்கிட்டேதான் இருக்கேன். எந்தக் குரூப்புலயும் இல்ல."

"வரும்."

"வரலன்னு சொல்றேன்ல."

"அந்தப் பையன் கையில போன் இருந்துச்சு."

"ஆர்டர் பார்த்திருப்பான்மா. சாப்பாடு கொண்டு வந்தவன்தானே."

நூருலிடம் மிட்டாய் விஷயத்தை மறைக்கவில்லை. நூருல் கையிலிருந்த படங்களைக் கீழே வைத்தாள். பிறகு, இனிமேல் சத்தியமாகக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்குப் பயிற்சி நன்றாக நடந்தது. திருச்செல்வம் நூருலின் உதட்டைப் பார்த்துத் தன் உதட்டைக் குவித்தார். ஏதோ ஒரு எழுத்து வந்தது. சொல் ஆகவில்லை. நூருல் கைதட்டினாள்.

"வந்துடும் காக். ஒன்னு வந்துட்டா பின்னாலேயே மத்ததும் வரும். நீங்களே கேட்கலாம் அவர்கிட்ட, இத்தனை நாளா என்ன சொல்ல நினைச்சீங்கன்னு."

லோகேஸ்வரி சிரித்தாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே லிஃப்டில் சொன்னது என்னவென்று தெரிந்துவிடுமே என்று பயம் வந்தது. பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள், அவருக்குப் பேச்சு வரட்டும் என்று.

வீடு திரும்பும்போது லிஃப்ட் கீழே நின்றிருந்தது. உள்ளே சம்சூரி, காலால் கதவைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு. "வாங்க, வாங்க" என்றார்.

அவள் நாற்காலியைத் தள்ளினாள். வேறு வழியில்லை. திருச்செல்வம் தலையைத் தூக்கினார். பார்த்தார். சொன்னார். அதே தாழ்ந்த குரல். அதே அழுத்தம்.

சம்சூரி தலையைச் சாய்த்தார். "சாமா சாமா, பாங்" என்றார், நன்றிக்குச் சொல்லும் பதிலை.

கதவு மூடிற்று. லிஃப்ட் ஏறத் தொடங்கியது. சம்சூரி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் புன்னகை போல ஒன்று இருந்தது. லோகேஸ்வரி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து புருஷனின் கன்னத்தைப் பார்த்தாள்.

அவர் தாடை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. வாயில் மிட்டாய் இல்லை.